தன்னைத் தானே ரிஜெக்ட் செய்தவர்

என் அத்தானுக்கு உட்காரத் தெரியாது. நாற்காலி இருக்கும், அதில் அவரும் இருப்பார், ஆனால் உட்கார்ந்திருக்க மாட்டார். ஒரு முழங்கால் தனியாக ஆடிக்கொண்டிருக்கும். பேச்சு பாதியில் இருக்கும்போதே எழுந்துபோய் காஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். வருகிற வழியில் குழாயை ஒரு திருகு திருகுவார். வாசல் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து, "ம், சொல்லு" என்பார். சொல்ல வந்தது எனக்கே மறந்துபோயிருக்கும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனுஷன் என்று அக்கா அலுத்துக்கொள்வாள். அக்கா அப்படி நீளமாகப் பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது.

தண்ணீர் பம்பு செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பட்டறையில் கடைந்து முடித்த தண்டுகள் அவர் மேஜைக்கு வரும். அளப்பார். அளவில் இருந்தால் ஒரு பக்கம், இல்லாவிட்டால் சிவப்பு பெயின்ட்டில் ஒரு கோடு. கோடு விழுந்தால் விழுந்ததுதான். ஃபோர்மேன் கெஞ்சினாலும் சரி, மேனேஜர் மிரட்டினாலும் சரி, பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். தொழிற்சாலையில் அவருக்கு 'ரிஜெக்ட்' என்றே பெயர். 'ரிஜெக்ட் வர்றார்' என்றால் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்களாம். புது மாப்பிள்ளையாக எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே, கதவின் கீல் தளர்ந்திருப்பதாக என் அப்பாவிடம் சொன்னவர் அவர். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். அவருக்கு மிஞ்சிய சுற்றம் அக்கா, மகள், பிறகு நான்.

மழைக்காலம் முடியும் நேரத்தில் ஒரு காலை அக்கா சமையலறையில் விழுந்தாள். பக்கவாதம். வலது கை, வலது கால், கூடவே பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து, நடக்கவும் பேசவும் திரும்பப் பழக்கும் ஒரு பயிற்சி இல்லத்துக்கு மாற்றினோம். மெல்லத் தேறினாள். ஊன்றுகோலோடு நாலடி வைத்தாள். ஒன்றிரண்டு சொற்கள், அதுவும் பிய்ந்து பிய்ந்து வந்தன. இனி வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். எந்த வீட்டுக்கு என்பதுதான் கேள்வி.

மகள், அதாவது என் மருமகள், தொலைதூர நகரத்தில் இருக்கிறாள். மாமனார் மாமியாரும் அவளோடுதான். சின்ன வீடு. ஒரு அறையை ஒழித்துக் கட்டில் போட்டால் அம்மாவை வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு இடமில்லை. "அப்பா அப்பப்போ வந்து பார்த்துட்டுப் போகட்டும் மாமா" என்று என்னிடம் போனில் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரே கூரைக்கடியில் இத்தனை வருஷம் சண்டை போட்ட இரண்டு பேரை இந்த வயதில் ஆளுக்கொரு ஊராகப் பிரித்துவைப்பது அநியாயமாகப் பட்டது.

அத்தானிடமே விட்டுவிடலாம் என்றால் டாக்டர் தயங்கினார். இல்லத்தின் தாழ்வாரத்தில் அத்தான் நடக்கிற நடையை அவர் பார்த்திருக்கிறார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி. நர்ஸ்கள் தள்ளும் வண்டிகளை நிறுத்தி, சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று புகார் வேறு. தூக்கமில்லை, கை நடுக்கம். "முதல்ல இவரை எங்க ஆலோசகர் கொஞ்ச நாள் பார்க்கட்டும். அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார் டாக்டர்.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். என் காரில் ஓட்டுநர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் சொல்லிக்கொடுப்பவர் காலடியில் இன்னொரு பிரேக். பக்கத்து இருக்கையில் அத்தான். சிக்னல் மஞ்சளாகும் முன்பே அமுக்குவார். நாய் ஒன்று குறுக்கே போகலாமா என்று யோசித்தாலே அமுக்குவார். எத்தனையோ கற்றுக்குட்டிகளை வைத்து ஓட்டியிருக்கிறேன், இவரோடு ஆலோசகரிடம் போய்ச் சேருவதற்குள் என் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். "பின்னாடி உட்காருங்களேன் அத்தான்" என்றால், "பின்னாடி பிரேக் இல்லையே" என்பார்.

ஆலோசகர் நாற்பது வயதுப் பெண்மணி. அவர் அறை இல்லத்துக்குள் இல்லை, ஊரின் மறுகோடியில் தனிக் கட்டடத்தில் இருந்தது. மருந்து எழுதமாட்டார், பேச்சு மட்டுந்தான். அதனால் நான் அவருக்குப் 'பேச்சு டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டேன். ஆனால் பேசியதைவிட அவர் கேட்டதுதான் அதிகம். அத்தான் கேட்டுக்கொண்டதால் நானும் உள்ளே உட்கார்ந்தேன். ஒரே நிபந்தனை, நான் வாய் திறக்கக் கூடாது. அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

"உங்ககிட்ட இருக்கிற பலம் என்னன்னு நினைக்கிறீங்க?" என்று முதல் நாளே கேட்டார்.

அத்தான் ஜன்னலைப் பார்த்தார். "அந்தக் கொக்கி சரியா மாட்டல மேடம்."

"ஆமா, ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கு. உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"இந்த வயசுல பலமா?" அத்தான் சிரிக்கக்கூட இல்லை. "சர்க்கரை இருக்கு. வலது முட்டி தேய்ஞ்சிருக்கு. இடது காது மந்தம். கண்ணாடியை மூக்கு மேல வெச்சுக்கிட்டே தேடுவேன். கோவம் வரும். தூக்கம் வராது." தண்டு அளக்கிற அதே குரல். ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை, ஒன்றைக்கூட மறைக்கவில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. வயதானவரைப் பார்த்தால் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்று: எது போச்சு? கண் போச்சா, காது போச்சா, ஞாபகம் போச்சா? எது இருக்கிறது என்று ஒருவர் அதிசயமாகக் கேட்டால், அதற்கும் இந்த மனுஷன் போனதைத்தான் காட்டுகிறார். பேச்சு டாக்டர் மறுத்துப் பேசவில்லை. "அப்படியெல்லாம் இல்லை சார், நீங்க நல்லாத்தான் இருக்கீங்க" என்று தட்டிக்கொடுக்கவும் இல்லை. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், அத்தான் அன்றோடு வருவதை நிறுத்தியிருப்பார்.

அடுத்த முறை, முன்பு கஷ்டம் வந்தபோது எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். தொழிற்சாலையைப் பூட்டிவிட்ட காலத்தை அத்தான் சொன்னார். மாதக்கணக்கில் வேலை இல்லை. மகள் கைக்குழந்தை.

"எப்படிச் சமாளிச்சீங்க?"

"அவதான் சமாளிச்சா. தையல் மெஷின் வாங்கிப் போட்டு ராப்பகலா தைச்சா."

"நீங்க?"

"நான் என்ன பண்ணேன்... பட்டன் வெச்சேன்." எழுந்து, அந்த ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "காஜா எடுப்பேன். அவ தைச்சதைப் பிரிச்சுப் பார்த்து, கோணலா இருந்தா திருப்பிக் கொடுப்பேன். திட்டுவா. குழந்தையைத் தூக்கிக்கிட்டே செய்வேன். சும்மா உட்கார முடியலைன்னு செஞ்சது மேடம், இதெல்லாம் ஒரு கணக்கா?"

"எத்தனை நாள் செஞ்சீங்க?"

"பேக்டரி திறக்கிற வரைக்கும்."

பேச்சு டாக்டர் தலையசைத்தார். அவ்வளவுதான். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தத் தையலுக்கு அக்கம்பக்கம் பூராவும் அக்கா வீட்டு வாசலில் நின்றது எனக்குத் தெரியும். "அவர் கண்ணுல பட்டு வெளிய போன துணியில நூல் பிரியாது" என்று அக்கா பெருமை அடித்ததும் தெரியும். அதையெல்லாம் அவர் வாயால் வரவழைக்க முடியாது. தன் முதுகு தனக்குத் தெரியாது.

அதற்கடுத்த முறைதான் எனக்கும் அத்தானுக்கும் சண்டை. "ஒரு அவசரம்னா யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டார் பேச்சு டாக்டர். அத்தான் யோசித்தார். "யாரும் இல்லை மேடம்" என்றார்.

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். காரில் ஏறியதும் வெடித்தேன். "தினம் வேலையைப் போட்டுட்டு வண்டியைக் கொண்டு வந்து வாசல்ல நிக்கிறேனே, நான் என்ன மரமா மட்டையா?"

"எதுக்குக் கத்துற?"

"யாரும் இல்லைன்னு சொன்னீங்களே!"

அத்தானுக்கு உண்மையாகவே புரியவில்லை. "நீ மச்சான். எனக்கு ரெண்டு கை இருக்குன்னு யாராவது போய்ச் சொல்லிக்கிட்டு இருப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு பிரேக்கை அமுக்கினார். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டினான். எனக்குக் கோபமும் போகவில்லை, அழுகையும் வந்தது. இப்படி ஒரு மனிதரிடம் யார் சண்டை போட முடியும்!

அக்கா விழுந்த நாளைப் பற்றிக் கேட்டபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார். தாழ்வாரத்தில் நடக்கும் செருப்புச் சத்தம் உள்ளே கேட்டது. பேச்சு டாக்டர் காத்திருந்தார். திரும்பி வந்து நின்றபடியே சொன்னார்.

"நான் நின்னுட்டேன் மேடம். அவ கீழ கிடக்கா, கண்ணு திறந்திருக்கு, என்னையே பார்க்கிறா. கையில போன் இருக்கு. ஒரு நம்பர் அமுக்கல. கையும் ஓடல, காலும் ஓடல. பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டு கீழ ஜெராக்ஸ் கடைக்காரன் மேல ஓடி வந்தான். அவன்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். நாளெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கிறவன், ஓட வேண்டிய நேரத்துல நின்னுட்டேன்."

இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. எவருக்கும் சொன்னதில்லை. அன்று திரும்பும்போது ஒருமுறைகூட பிரேக்கை அமுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பயந்தது சரியாகப் போயிற்று. இரண்டு நாள் கழித்து மருமகள் போன் செய்தாள். "மாமா, ஞாயித்துக்கிழமை வேன் சொல்லியாச்சு. அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்துடறேன்."

"யார் முடிவு பண்ணது?"

"அப்பாதான். தன்னால முடியாதுன்னு டாக்டர்கிட்டயும் சொல்லிட்டாராமே, உங்களுக்குத் தெரியாதா?"

ஓடினேன். அத்தான் பீரோவைத் திறந்துவைத்து அக்காவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு நேராக இல்லையென்று பிரித்து மறுபடி மடித்தார். அக்காவின் கண்ணாடி, சீப்பு, பழைய கைக்கடிகாரம் எல்லாம் மேஜையில் வரிசையாக இருந்தன.

"என்ன அத்தான் பண்ணியிருக்கீங்க?"

"பின்ன, அளவுல இல்லாத பீஸைத் தெரிஞ்சே பாஸ் பண்ணச் சொல்றியா?" கை நின்றபாடில்லை. "நாளைக்கு அவ மறுபடி விழுவா. நான் மறுபடி நிப்பேன். வேற எவனாவதா இருந்தா நானே கோடு போட்டிருப்பேன். நான்ங்கிறதால விட்டுடணுமா?"

அக்கிரமம் என்று தெரிகிறது, எங்கே அக்கிரமம் என்று சொல்லத் தெரியவில்லை. கத்தினேன், கதவை அறைந்துவிட்டு வெளியே வந்தேன். கீல் தளர்ந்திருக்காது என்பது எனக்குத் தெரியும்.

முடிவைச் சொல்லிவிட்டு வருவதற்காகவாவது பேச்சு டாக்டரிடம் ஒருமுறை போவோம் என்று வெள்ளிக்கிழமை அவரை இழுத்துக்கொண்டு போனேன். நடந்ததைச் சொன்னார். வேலை முடித்த திருப்தி முகத்தில் துளியும் இல்லை. பேச்சு டாக்டர் கேட்டுக்கொண்டார். அவர் முகமும் வாடியதை நான் பார்த்தேன். பிறகு, "எனக்குத் தெரியாததால கேக்கிறேன். நீங்க கோடு போட்ட பீஸெல்லாம் எங்க சார் போகும்? உருக்கிடுவாங்களா?" என்றார்.

"அது எப்படி மேடம்!" அத்தானுக்கு அடிபட்டது போல இருந்திருக்க வேண்டும். "நல்ல இரும்பு. அளவு கூடுதலா இருந்தா திரும்பக் கடையலாம். குறைச்சலா இருந்தாத்தான் யோசனை. அதையும் எடுத்தோம் கவுத்தோம்னு உடைச்சுப் போட மாட்டோம். வாங்கறவங்ககிட்ட சொல்லுவோம். இந்த இடத்துல இவ்வளவு குறையுது, உங்க வேலைக்கு ஆகுமான்னு கேப்போம். ஆகும்னு அவங்க சொன்னா தாராளமா அனுப்பலாம். டீவியேஷன்னு பேரு. எத்தனையோ பம்பு அப்படிப் போய் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு."

"ஆகுமா ஆகாதான்னு உங்களுக்கே தெரியுமே. நீங்களே சொல்லிடக் கூடாதா?"

"கூடாது. குறையை மறைக்காம சொல்றதுதான் என் வேலை. போதும், போதாதுங்கிறது வாங்கறவன் பேச்சு. அவனைக் கேக்காம பாஸ் பண்றதும் தப்பு. அவனைக் கேக்காம..."

நிறுத்தினார். எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"மச்சான், வண்டியை எடு."

பேச்சு டாக்டர் நேரம் மீதமிருக்கிறது என்று சொல்லவில்லை. "அவங்க என்ன சொன்னாலும் எனக்கும் வந்து சொல்லுங்க சார்" என்றார்.

தெரு முழுக்க வண்டிகள். நான் ஓட்டிய ஓட்டத்தை என் மாணவர் யாராவது பார்த்திருந்தால் என் தொழில் அன்றோடு முடிந்திருக்கும். ஓட்டும்போதுதான் எனக்கும் உறைத்தது. டாக்டர் மகளைக் கேட்டார். மகள் என்னைக் கேட்டாள். நான் அத்தானைக் கேட்டேன். அக்காவை யாரும் கேட்கவில்லை. சொல் வராதவளுக்கு அபிப்பிராயமும் வராது என்று நாங்களே முடிவு கட்டியிருக்கிறோம். நான்கூட அவள் கட்டிலருகே நின்று, அவளைப் பற்றி, அவள் தலைக்கு மேலே பேசியிருக்கிறேன். அவமானமாக இருந்தது.

அக்கா ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். மூட்டை கட்டுவதற்காக அவள் சாமான்களை நர்ஸ் ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் எதிரே போய் நின்றார், கையைக் கட்டிக்கொண்டார், அவிழ்த்தார்.

"ஞாயித்துக்கிழமை உன்னை அனுப்பப் போறோம். தெரியுமா?"

அக்கா அவரைப் பார்த்தாள்.

"என்னால ஆகாதுன்னுதான். கேளு. எனக்குக் கை நடுங்குது. உன்னைத் தூக்கும்போது நழுவ விட்டாலும் விட்டுடுவேன். முட்டி சரியில்ல. காது கேக்காது, நீ கூப்பிட்டா ரெண்டு தரம் கூப்பிடணும். எனக்குத் திட்டத்தான் வரும், பக்குவமா பேச வராது. அப்புறம்..." சக்கர நாற்காலியின் பிரேக்கை அமுக்கிப் பார்த்தார். "நீ விழுந்தப்போ நான் நின்னுட்டேன். போன் கையில இருந்தும் நின்னுட்டேன். நீ பார்த்துக்கிட்டுதான் இருந்த. மறுபடியும் அப்படி நிக்க மாட்டேன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. இவ்வளவுதான் இருக்கு என்கிட்ட. இது உனக்குப் போதுமா, போதாதா? நீ சொல்லு."

அக்காவின் வாய் கோணி அசைந்தது. ஒன்றும் வரவில்லை. நான் முந்திக்கொண்டு ஏதோ சொல்லப் போனேன், இடது கையைத் தூக்கி என்னை அடக்கினாள். காத்திருந்தோம். அத்தான் அசையவே இல்லை. என் வாழ்நாளில் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"இப்... பதான்," என்றாள் அக்கா. மூச்சு வாங்கினாள். "இப்பதான்... கேக்க... தோ... ணுச்சா?"

கோபம். சந்தேகமே இல்லாத, பழைய, முழுக் கோபம். நர்ஸ் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"போதுமான்னு சொல்லு" என்றார் அத்தான்.

அக்கா வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லையும் எங்கிருந்தோ தேடித் தூக்கி வந்தாள். "போ... தாது," என்றாள். அத்தான் தலை குனிந்தார். அவள் இடது கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "போதா... துன்னு... எப்பவோ... தெரியும். வீட்... டுக்குப் போ... லாம்."

நான் சிரித்துவிட்டேன், கண்ணில் நீர் வழிய. அத்தான் சிரிக்கவில்லை. அவள் கையைச் சட்டையிலிருந்து எடுக்காமல், அப்படியே முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்தார்.

மருமகளுக்கு நான்தான் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "மாமா, அப்பா சொல்லிக்கொடுத்துச் சொல்ல வெச்சிருப்பார். அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது, அவளைப் போட்டுப் படுத்தாதீங்க" என்றாள். போனின் ஸ்பீக்கரில் இதெல்லாம் அக்கா காதிலும் விழுந்தது. என் கையிலிருந்து போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எனக்... கா புரி... யாது? யா... ருடி சொன்... னா?"

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. "மாமா, அம்மா என்னைத் திட்டுறா" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வேன் வேண்டாம்னு சொல்லிடறேன். ஆனா தினமும் காலையில போய்ப் பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணணும் நீங்க" என்று உத்தரவு போட்டாள். சரி என்றேன்.